நாடும் பெயரும்

பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறோம். கட்டிய வீட்டிற்கும், திறந்த கடைக்கும், வளர்க்கும் ஆட்டுக்குட்டிக்கும்கூடப் பெயர் சூட்டுகிறோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலால் மகனின் மகனைப் 'பெயரன்' என்றே அழைத்து, பின்னர் அதனைப் 'பேரன்' எனச் சுருக்கிக்கொண்ட இனம் தமிழினம். எனினும், ஒரு நாட்டிற்கே பெயர் சூட்டும் வாய்ப்பு எளிய மாந்தருக்குக் கிட்டியதில்லை. அது மன்னர்க்கும் படைத்தலைவர்க்கும் சட்டமன்றங்களுக்கும் உரியதாகவே இருந்து வந்தது. இன்றோ அவ்வாய்ப்பு கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞரின் விரல்நுனிக்கும் வந்து சேர்ந்துள்ளது.

எங்கள் துறை மாணவர்களை ஏற்காட்டிற்கு ஒருநாள் சுற்றுலாவாக அழைத்துச் சென்றபோதுதான் இதனை நான் அறிந்தேன். அஸர் தொழுகை முடித்து ஏரிக்கரையில் அமர்ந்திருந்தோம். படகில் ஏறும் முறைக்காகக் காத்திருந்த மாணவர் சிலர் கைப்பேசியில் மூழ்கியிருந்தனர். என்னவென்று வினவினேன். இணையவழி விளையாட்டு ஒன்றில் ஆளுக்கொரு நாடு படைத்து, அதற்குக் கொடியும் நாணயமும் சட்டமும் வகுத்து ஆண்டுகொண்டிருப்பதாகக் கூறினர். ஒருவர் தம் பெயரின் முதற்பாதியோடு 'லேண்ட்' என்பதைச் சேர்த்திருந்தார். மற்றொருவரின் நாடு 'இயா' என முடிந்தது. மூன்றாமவர் 'ஸ்தான்' என முடித்திருந்தார். தமிழ் பயிலும் மாணவர் மூவர் அமைத்த மூன்று நாடுகளில் ஒன்றிற்கேனும் தமிழ்ப்பெயர் இல்லை.

"தமிழில் வைத்தால் ஆகாதா தம்பி?" என்றேன்.

"அப்படி வைத்தால் நாட்டின் பெயர் போலத் தோன்றவில்லை ஐயா, ஊர்ப்பெயர் போல இருக்கிறது" என்றார் ஒருவர். "இது விளையாட்டுதானே ஐயா" என்றார் மற்றொருவர்.

இவ்விரு விடைகளும் என் சிந்தையைக் கிளறின. அவற்றுக்குரிய மறுமொழியே இக்கட்டுரை.

பெயர் பிறக்கும் வழி

இவ்வகை விளையாட்டுகள் இன்று பல உள. 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி தொடங்கிய 'நேஷன்ஸ்டேட்ஸ்' அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. அதில் நுழைபவரிடம் முதற்கண் கேட்கப்படுவது நாட்டின் பெயர். அதன் பின்னரே நாட்டிற்குரிய விலங்கு, நாணயம், குறிக்கோள் உரை ஆகியன கேட்கப்படும். ஒருவர் கொண்ட பெயரைப் பிறிதொருவர் கொள்ளுதல் இயலாது. ஆகவே பெயர் தேடும் படலம் ஆட்டத்தின் முதற்படலமாகிறது.

ஆட்டக்காரர் பெயர் தேடும் முறைகள் ஒருசிலவே. தம் பெயரையோ நண்பர் பெயரையோ எடுத்து ஒட்டுச் சேர்ப்பது ஒருமுறை. மறைந்துபோன பேரரசுகளின் பெயர்களை மீட்டெடுப்பது இரண்டாவது. திரைப்படத்திலும் புதினத்திலும் கண்ட பெயர்களைச் சற்றே திரிப்பது மூன்றாவது. நகைச்சுவைக்காக உணவின் பெயரையோ விலங்கின் பெயரையோ நாட்டிற்கு இடுவது நான்காவது. பொருளே இல்லாத, ஓசை மட்டும் இனிய சொல்லைப் புனைவது ஐந்தாவது.

'நாடு போலத் தோன்றவேண்டும்' என்னும் மாணவரின் கூற்று, ஒட்டுகளைப் பற்றியது. 'லேண்ட்' ஆங்கிலர்க்கு நிலம். 'இயா' கிரேக்க, இலத்தீன் மொழிகளின் வழியே வந்த விகுதி. 'ஸ்தான்' பாரசீகத்தில் இடம். வடமொழித் 'ஸ்தானம்' அதன் உடன்பிறப்பு. அவரவர் மொழியில் அவை வெறும் 'இடம்', 'நிலம்' என்பனவே. நமக்கு அவை அயலாக இருப்பதாலேயே பெருமையுடையனவாகத் தோன்றுகின்றன. நம்முடைய 'நாடு' என்னும் சொல் அன்றாடம் வாயில் புரள்வதால் அதன் பெருமை நமக்குப் புலப்படவில்லை. தாய்லாந்து, பின்லாந்து என நாவாரச் சொல்லும் நாம், 'தமிழ்நாடு' என்பதும் அதே வகையால் அமைந்த நாட்டுப்பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மலை காட்டும் பாடம்

அன்று நாங்கள் அமர்ந்திருந்த இடமே பெயரியலுக்கு ஒரு பாடசாலை எனலாம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலைமீது அமைந்தது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்தமையால் ஏற்காடு என்பர். முன்னால் ஏரி, சுற்றிலும் காடு. பெயர் வைத்தவர் கண்ணால் கண்டதைக் கூறினார், அவ்வளவே.

அம்மலையின் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். கிளியூர், கரடியூர், தலைச்சோலை, செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, நாகலூர். கிளியும் கரடியும் சோலையும் குட்டையும் நத்தமும் அப்பெயர்களுள் குடியிருக்கின்றன. 'சோலை' என்னும் நம் சொல்லையே மலைக்காட்டைக் குறிக்கும் 'ஷோலா' என்னும் கலைச்சொல்லாக உலகத் தாவரவியலார் ஏற்றுக்கொண்டனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஏரியின் அருகே 'ஒண்டிக்கடை' என ஓரிடம் உண்டு. இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் தனித்ததொரு கடையின் நினைவைப் பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது. இவற்றைக் 'கண்டு இட்ட பெயர்கள்' என்பேன்.

இனி மற்றொரு வரிசை. லேடிஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட். இவை வெள்ளையர் காலத்தின் எச்சங்கள். 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் தோன்றின, அவற்றுக்கு ஆங்கிலப் பெயர்கள் தோன்றின. மாலைக் கதிரவனை வெள்ளைக்கார மாது ஒருவர் அமர்ந்து கண்டு மகிழ்ந்த பாறை 'லேடிஸ் சீட்' ஆயிற்று என்பது வழக்குச் செய்தி. அவருக்கு முன் எத்தனை தலைமுறைப் பெண்கள் விறகுச்சுமையை இறக்கிவைத்து அப்பாறையில் இளைப்பாறினார்களோ! அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் எதுவென்று சுற்றுலா வருவோர் எவரும் கேட்பதில்லை. கோபுரம்போல் கற்கள் அடுக்கப்பட்ட இடத்திற்குப் 'பகோடா' எனப் பெயரிட்டனர். நம் மாணவர்களோ அங்கே இறங்கியதும் "பக்கோடா எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுச் சிரித்தனர். மண்ணோடு ஒட்டாத பெயர் நகைப்புக்கு இடமாவது இயல்பே.

சேர்வராயன் என்னும் பெயரும் தப்பவில்லை. மலையுச்சியில், குகைக்கோயிலில், காவேரியம்மனோடு மலைமக்கள் வழிபடும் தெய்வத்தின் பெயர் அது. ஆங்கிலர் நாவில் அது 'ஷெவராய்' ஆயிற்று. பின்னர் நம்மவரே அதனை ஆங்கில எழுத்தில் கண்டு 'ஷெவராய்' எனத் திருப்பி வாசிக்கலாயினர். நம் பொருளையே அயலாரிடம் கொடுத்து, உருமாற்றி வாங்கி வருவதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இவற்றைக் 'கொண்டு இட்ட பெயர்கள்' என்பேன். நிலத்தைக் கைக்கொண்டவர் இட்டமையால் அப்பெயர் பொருந்தும்.

காப்பியைப் பற்றியும் ஒரு சொல். காப்பி என்னும் பெயர் அரபுச் சொல்லாகிய 'கஹ்வா'வின் வழிவந்தது. ஏற்காட்டுத் தோட்டங்களில் விளையும் காப்பிவகைக்கு 'அராபிகா' எனப் பெயர். 1753-இல் அதற்கு அப்பெயரிட்டவர் சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ். ஆனால் அச்செடியின் தாயகம் அரபுநாடன்று, எத்தியோப்பிய மலைநாடு. ஏமன் நாட்டவர் பயிரிட்டு உலகுக்கு வழங்கியமையால் அரபுப்பெயர் நிலைத்தது. பிறந்த இடத்தை மறைத்து, வந்த வழியை மட்டும் கூறும் பெயர்களும் உண்டு என்பதற்கு நாம் அருந்தும் காப்பியே கரி.

மலைமேல் இருந்த நாடுகள்

"தமிழில் வைத்தால் ஊர்ப்பெயர் போல இருக்கிறது" என்ற மாணவருக்கு நான் கூறிய மறுமொழி இது: "தம்பி, நாம் அமர்ந்திருக்கும் இந்த மலையிலேயே நாடுகள் இருந்தன."

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. மலையை ஆள்பவர், மலைவாழ்நர் என்பதே பெயரின் பொருள். இவர்தம் மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் இம்மலைகளில் குடியேறினர் எனத் தம் வரலாற்றைக் கூறுவர். இம்மக்கள் தாம் வாழ்ந்த மலைப்பரப்பை 'நாடு' எனப் பகுத்து, நாட்டுக்கு ஒரு தலைமையும் வகுத்துக்கொண்டனர். அண்மையிலுள்ள கொல்லிமலையில் இன்றும் ஊராட்சிகளின் பெயர்கள் வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்றே வழங்குகின்றன. சோழர் கல்வெட்டுகளிலும் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதியே. பரப்பு பெரிதாயின் நாடு, சிறிதாயின் ஊர் என்று நம் முன்னோர் கொள்ளவில்லை. கூடி வாழவும் கூடி முடிவெடுக்கவும் வல்ல மக்கள் எங்கிருந்தனரோ அங்கே நாடு இருந்தது.

பெயர் வெறும் ஒலியன்று என்பதற்கும் இம்மக்களே சான்று. அரசின் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்னும் பெயருக்கு அருகே சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி என மாவட்டப் பெயர்கள் குறிக்கப்பட்டன. ஈரோட்டுப் பகுதியின் பர்கூர் மலைகளில் வாழும் அதே மக்கள், தம் மாவட்டப் பெயர் அவ்வரியில் இல்லாமையால், நெடுங்காலம் பட்டியலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. அதே மொழி, அதே வழிபாடு, அதே வறுமை. ஓர் ஊர்ப்பெயர் எழுதப்பட்டதும் எழுதப்படாததும் மட்டுமே வேறுபாடு. அதனால் ஒருவர் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. மற்றவர் பிள்ளை வாயிலிலேயே நின்றது. பெயரில் என்ன இருக்கிறது என்று வினவுவோர் அம்மலைகளுக்குச் சென்று வினவட்டும்.

ஆணையால் நில்லா, அன்பால் நிற்கும்

மூன்றாவது வகை, ஆணையால் இட்ட பெயர்கள். முதலாம் இராசராச சோழன் தொண்டை நாட்டைச் சயங்கொண்ட சோழமண்டலம் எனவும், பாண்டி நாட்டை இராசராசப் பாண்டிமண்டலம் எனவும், ஈழத்தை மும்முடிச்சோழ மண்டலம் எனவும் அழைக்கச் செய்தான். கல்லில் அவை நின்றன. மக்கள் சொல்லில் நிற்கவில்லை. தொண்டை நாடும் பாண்டி நாடும் ஈழமுமே எஞ்சின. திப்பு சுல்தானும் தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்கள் பலவற்றுக்குப் புதுப்பெயர் சூட்டினார். பெரும்பாலானவை அவரோடு மறைந்தன. மைசூரின் ஒரு பகுதியாக நசர்பாத்தும், கோழிக்கோட்டின் அருகே ஃபரோக் என்னும் ஊரும் அவர் சூட்டிய பெயர்களின் எச்சமாக நிலைத்துள்ளன. மன்னர் எவராயினும், எம்மொழியினராயினும், எச்சமயத்தினராயினும் நியதி ஒன்றே: மக்கள் நாவு ஏற்றது வாழும், ஏற்காதது வீழும்.

மக்கள் வேண்டிய பெயரோ எளிதில் வாய்ப்பதில்லை. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து, 1956 சூலை 27-இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், அவ்வாண்டு அக்டோபர் 13-இல் உயிர்நீத்தார். 1967 சூலை 18-இல் அறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் அப்பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14-இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்தின் ஐந்தெழுத்துப் பெயருக்குள் ஒரு முதியவரின் பசி இருக்கிறது. விடுதலை பெற்ற பிறநாடுகளும் இவ்வாறே பெயருக்காக ஏங்கின. ஆங்கிலர் 'தங்கக் கடற்கரை' என்றழைத்த நாடு 1957-இல் பழைய ஆப்பிரிக்கப் பேரரசொன்றை நினைந்து கானா ஆயிற்று. ஆற்றின் பெயரால் 'அப்பர் வோல்ட்டா' எனப்பட்ட நாடு 1984-இல் 'நேர்மையுடையோர் நாடு' என்னும் பொருள்பட புர்கினா ஃபாசோ ஆயிற்று. முன்னைய பெயர்கள் அந்நிலத்தில் எது கிடைக்கும், எந்த ஆறு ஓடும் என்பவற்றைக் கூறின. பின்னைய பெயர்கள் அங்கு வாழ்வோர் யாவர் என்பதைக் கூறின.

மார்க்கம் காட்டும் நெறி

முதல் மனிதர் ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பொருள்களின் பெயர்களைக் கற்பித்தான் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. பெயரறிவே மனிதனுக்கு வழங்கப்பெற்ற முதற்கல்வி என்பது இதனால் பெறப்படும். இழிபெயரிட்டு ஒருவரையொருவர் அழைத்தலை நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் விலக்குகிறது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீய பொருள்தரும் பெயர்களை மாற்றி நற்பெயர் சூட்டினார்கள். 'மாறு செய்பவள்' எனப் பொருள்படும் பெயர் தாங்கிய பெண்மணியை 'ஜமீலா' (அழகியவள்) என அழைத்தார்கள். அவர்கள் குடிபுகுந்த யத்ரிப் நகரம் 'மதீனா' ஆயிற்று. மதீனா என்றால் நகரம் என்பதே பொருள். வெற்றி வீரரின் பெயரன்று, குலத்தின் பெயரன்று, ஆடம்பர அடைமொழியும் இல்லை. 'நகரம்' என்னும் எளிய பொதுச்சொல், அங்கு வாழ்ந்தோரின் வாழ்வால் உலகறிந்த சிறப்புப் பெயராயிற்று.

அரபு வணிகர் நம் சோழமண்டலக் கரையை 'மஃபர்' என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். அவர்கள் கண்டதை அவர்கள் மொழியில் கூறினர். நம் உமறுப்புலவரோ மறுபுறமிருந்து அரபுநாட்டை நோக்கினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் அமைந்த சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்து, தாம் நேரிற் காணாத அந்நாட்டில் மழையையும் ஆற்றையும் வயலையும் தமிழ்மரபு வழுவாமல் படைத்துக் காட்டினார். மணல்நாட்டில் மருதநிலம் ஏது என்று நாம் கேட்பதில்லை. அன்பு கொண்ட நாட்டைத் தம் மொழியால் அணிசெய்த புலவரின் உரிமை அது. கற்பனை நாடு படைக்கும் நம் இளைஞர்க்கு அவரினும் சிறந்த முன்னோடி எவர்?

கற்பனைப் பெயர்களின் வாழ்வு

"விளையாட்டுதானே ஐயா" என்ற இரண்டாம் விடைக்கு வருவோம்.

விளையாட்டை இழித்துரைப்பது என் நோக்கமன்று. மணலில் சிறுவீடு கட்டும் பருவத்தைச் 'சிற்றில்' எனப் பெயரிட்டுப் பிள்ளைத்தமிழில் பாடும் பொருளாக்கியது நம் இலக்கியம். இஸ்லாமியப் புலவர்களும் அவ்வகை நூல்களை இயற்றியுள்ளனர். விளையாட்டை மதித்ததாலேயே அதற்கும் மரபு வகுத்தனர். கற்பனைப் பெயர்கள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கும் சான்றுகள் உள.

1516-இல் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் தாம் கற்பனை செய்த தீவிற்கு 'உடோபியா' எனப் பெயரிட்டார். 'இல்லாத இடம்' என்பது அதன் பொருள். இல்லை என்று தானே ஒப்புக்கொள்ளும் அப்பெயர், நல்லாட்சியைக் கனவு காண்போர் அனைவர்க்கும் பொதுச்சொல்லாகி விட்டது. 1935-இல் வெளிவந்த தம் முதற்புதினத்தில் ஆர்.கே.நாராயண் 'மால்குடி'யை அறிமுகப்படுத்தினார். சரயு ஆறும் கபீர் தெருவும் மெம்பி மலையும் அவ்வூரில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அதனை நிலப்படத்தில் தேடியவர் பலர். அங்கு முதலில் தோன்றியது பெயர்தான். ஆயினும் அரைநூற்றாண்டுக்கும் மேலாக அதற்குள் மனிதர்களைக் குடியேற்றியமையால் பெயர் உயிர் பெற்றது. ஆகவே நிலம் முந்தியதா, பெயர் முந்தியதா என்பது பெரிதன்று. பெயருக்குப் பின்னே எவரேனும் வாழ்கின்றனரா என்பதே வினா.

எச்சரிக்கையான சான்றும் ஒன்றுண்டு. 1864-இல் ஆங்கில விலங்கியலார் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் பிற நாடுகளிலும் காணப்பெறும் லெமூர் வகை விலங்குகளின் பரவலை விளக்கும் பொருட்டு, மூழ்கிப்போன கண்டம் ஒன்றைக் கருதி அதற்கு 'லெமூரியா' எனப் பெயரிட்டார். பின்னாளில் நம் அறிஞர் சிலர், கடல்கோள் பற்றிய நம் பழஞ்செய்திகளோடு அதனை இணைத்துக் குமரிக்கண்டமென எழுதினர். கண்டங்களே நகர்கின்றன என்னும் கொள்கை உறுதிப்பட்டதும் அறிவியலார் லெமூரியாவைக் கைவிட்டனர். நாமோ இன்றும் அதனை இழந்த தாயகமாக எண்ணி ஏங்குகிறோம். விலங்கொன்றை விளக்க ஒருவர் எழுதிவைத்த கற்பனைப் பெயர், ஓர் இனத்தின் துயரத்தையே தன்மேல் ஏற்றிக்கொண்டது. கற்பனைப் பெயர் விளையாட்டாகத் தொடங்கலாம். விளையாட்டாகவே முடியும் என்பதற்கு உறுதியில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

அயற்பெயரே கூடாது என்று நான் கூறவில்லை. ஆபாத் என்பதும் ஸ்தான் என்பதும் நம் சமுதாயத்திற்குப் புதியனவல்ல. பொருளறிந்து வைப்பின் எம்மொழிப் பெயரும் அழகே. பொருளறியாமல், 'நாடு போலத் தோன்ற வேண்டும்' என்னும் ஒரே காரணத்தால் வைப்பதையே மறுக்கிறேன். தமிழ் எழுத்தை ஏற்காத விளையாட்டுகளும் உள என்று சிலர் கூறுவர். ஆங்கில எழுத்தில் தமிழ்ச்சொல்லை எழுதுதல் அரிதன்றே. சேலம் தொடர்வண்டி நிலையத்துப் பெயர்ப்பலகையிலேயே அது நிகழ்கிறது.

நம் முன்னோர் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தை அங்குப் பூக்கும் பூவாலும் மரத்தாலும் அழைத்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி மேற்கு மலைகளில் மட்டுமன்றிச் சேர்வராயன் மலையிலும் உண்டு. நாடு, பாடி, நத்தம், சோலை, கரை, துறை, காயல், பட்டினம் என ஒட்டுகள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. உங்கள் நாட்டில் மலை உண்டா, கடல் உண்டா, என்ன விளையும் என்று முதலில் எண்ணுங்கள். அங்கு வாழ்வோர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்வர் என்று எண்ணுங்கள். பின்னர், அந்நாட்டுக் கிழவி ஒருத்தி தன் பேரனை உறங்கவைக்கையில் அப்பெயரை இயல்பாகச் சொல்லக்கூடுமா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவில் தடையின்றி வருமாயின் அது நாட்டின் பெயர்.

அன்று மலையிறங்கும் பேருந்தில் 'லேண்ட்' வைத்த மாணவர் என்னருகில் வந்தமர்ந்தார். புதிதாக ஒரு நாடு தொடங்குவதாகவும், அதற்குத் 'தலைச்சோலை' எனப் பெயரிடுவதாகவும் கூறினார். பின்னிருக்கை மாணவர் உடனே மறுத்தார். "அது உயிரோடிருக்கும் ஊர் ஐயா. அவர்களைக் கேளாமல் எடுப்பது முறையா? நாளை விளையாட்டில் யாரேனும் படையெடுத்து அந்நாட்டை அழித்தால்?" என்றார். அவ்வினாவை நான் எதிர்பார்க்கவில்லை. பாறைக்குத் தம் இருக்கையின் பெயரை வைத்தவர்கள் கேளாத வினா அது. கேளாமல் எடுக்கவேண்டா என்றே நானும் கூறினேன்.

சற்று நேரம் கழித்து, மூடுபனி வளைவுகளை மறைக்கத் தொடங்கியபோது, 'பனிச்சோலை' என்றார் அவர்.

"நன்று. அங்கு வாழ்பவர் யார்?" என்றேன்.

"அதை இன்னும் எண்ணவில்லை ஐயா."

எண்ணட்டும். கற்பனை நாட்டின் குடிகளைப் பற்றி எண்ணப் பழகியவர், உண்மை நாட்டின் குடிகளை மறவார். பட்டியலில் பெயரின்றி நிற்கும் மலைமகனின் பிள்ளையை நாளை ஓர் அலுவலகத்தில் சந்திக்க நேருமாயின், "உங்கள் ஊர் எது? நீங்கள் உங்களை என்னவென்று அழைத்துக்கொள்கிறீர்கள்?" என்று முதலில் கேட்பார். பெயரிடக் கற்றலின் பயன் அதுவே. அத்தகைய உள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் மாணவர் அனைவருக்கும் அருள்வானாக!